கீபோர்டில் மிச்சமாகும் நிமிடங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு கடிதத்தில் நாலு இடத்தை எடுத்து இன்னொன்றில் ஒட்ட, நாலு தடவை போய்வருகிறேன். வழி உண்டா?

உண்டு. விண்டோஸ் கீயோடு வி அழுத்துங்கள். முதல் தடவை அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள். அப்புறம் காப்பி செய்தவற்றில் கடைசி 25 வரை வரிசையாக நிற்கும். வேண்டியதைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். 2018-லிருந்தே இருக்கிற வசதிதான். ஒன்று: பாஸ்வேர்டைக் காப்பி செய்தால் அதுவும் அங்கே பளிச்சென்று நிற்கும். அலுவலகக் கம்ப்யூட்டரில் ஜாக்கிரதை.

கேள்வி: பிரவுசரில் தவறுதலாக மூடிய டேபைத் திரும்பக் கொண்டுவர?

கன்ட்ரோல், ஷிஃப்ட், டி.

கேள்வி: ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிமுறைதான் தெரியும். வேகம் கூட்ட என்ன செய்யலாம்?

இதற்குத்தான் காத்திருந்தேன். தமிழ்99-க்கு மாறுங்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்ற கீபோர்டு அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா'. ந அடித்துத் த அடித்தால் 'ந்த'. 'வணக்கம்' ஆறு தட்டு. உங்கள் முறையில் எட்டு, ண-வுக்கு ஷிஃப்ட் வேறு. முதல் பத்து நாள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கேள்வி: என்ன சார், போனில் ஒலிமுறையில் பாதி அடித்தாலே முழுச்சொல்லும் வந்துவிடுகிறதே! இன்னும் தமிழ்99-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே?

வரட்டும். வந்தது 'மனமா', 'மணமா' என்று நின்று பார்க்கிற நேரத்தை யார் கணக்கில் வைப்பது? ஒருமுறை கல்யாணப் பத்திரிகையில் 'மனமகன்' என்று அச்சாகி வந்துவிட்டது. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையிலும் பேனாவால் ஒரு சுழி கூட்டி ன-வை ண ஆக்கினோம். போனுக்கு ஒலிமுறை சரி, ஒப்புக்கொள்கிறேன். நாளெல்லாம் கம்ப்யூட்டரில் அடிப்பவருக்குத்தான் என் பேச்சு.

கேள்வி: தமிழ்99, ஒலிமுறை இரண்டில் எது நல்லது?

மேலே இரண்டு பதில் இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி: அலுவலக முகவரியைத் தினமும் முப்பது தடவை அடிக்கிறேன்.

வேர்டில் ஆட்டோகரெக்ட் என்று இருக்கும். அதில் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றைக் கொடுத்து எதிரே முகவரியைப் போட்டுவிடுங்கள். சுருக்கத்தை அடித்து ஸ்பேஸ் தட்டினால் போதும். பாஸ்வேர்டை இதிலும் வைக்காதீர்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது.

அதற்கு சர்வீஸ்காரர்தான் வர வேண்டும்.

கேள்வி: காப்பி செய்ததெல்லாம் வரிசையாகத் தெரிய வழி இருக்கிறதா?

முதல் கேள்வியைப் பாருங்கள். ஆமாம், பாஸ்வேர்டும் தெரியும்.