எச்டிசிபி இல்லாத பழைய மானிட்டரை வாங்கலாமா?

கோவையில் ஒரு பழைய கணினிக் கடையில் 20 அங்குல மானிட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றும், அதன் பின்புறத்தில் விஜிஏ, டிவிஐ ஆகிய இரண்டு இணைப்புகள் மட்டுமே இருக்கின்றன என்றும், ‘இதில் எச்டிசிபி கிடையாது’ என்று கடைக்காரரே சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எச்டிசிபி என்பது, கேபிளில் போகும் படத்தை யாரும் நகலெடுக்காமல் இருக்கப் போடும் பூட்டு. அது இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும், வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. கணினியில் கணக்கு எழுதவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும் மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். கேபிள் பெட்டியையோ ஓடிடி ஸ்டிக்கையோ என்றாவது ஒரு நாள் அதில் செருகிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். புதிய திரை வாங்குபவர்களும் இதே இடத்தில் இடறுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் தமிழும் அரசு அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் ஊர் எங்களுடையது. மின்னணுச் சாமான் வாங்குவதென்றால் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போவதுதான் பலருக்கும் பழக்கம். அங்கே நிறுவனங்கள் கழித்துவிடும் மானிட்டர்களை மொத்தமாக எடுத்து, துடைத்து, சோதித்து விற்கும் கடைகள் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அப்படி ஒரு 19 அங்குலத் திரையை வாங்கிக்கொண்டு வந்தார். தோப்பு வீட்டில் இருக்கும் தாயாருக்காகக் கேபிள் பெட்டியை அதில் இணைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பெட்டியில் எச்டிஎம்ஐ, திரையில் டிவிஐ. நடுவே ஒரு சிறிய மாற்றியைச் செருகினால் போதும் என்று நானும் நினைத்தேன். பெட்டியை இயக்கியதும் தொடக்கப் படம் பளிச்சென்று வந்தது. அலைவரிசைக்குப் போன மறுகணம் திரை கறுத்து, எச்டிசிபி ஆதரவு இல்லை என்று ஒரே ஒரு வரி மட்டும் நின்றது.

“ஏனுங்க தம்பி, மானிட்டரு கெட்டுப்போச்சுங்களா? கடையில கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுனப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றார்.

“கெடலைங்க ஐயா. இந்தப் பொட்டி அந்த மானிட்டர நம்ப மாட்டேங்குது” என்றேன்.

“மாசாமாசம் காசு கட்டித்தானுங்க பாக்கறோம். இதுல நம்பறதுக்கு என்னங்க இருக்குது?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் நேரான விடை சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன்.

எச்டிசிபி என்பது இன்டெல் நிறுவனம் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நகல் தடுப்பு முறை. படம் அனுப்பும் கருவிக்கும் திரைக்கும் நடுவே உள்ள கேபிளிலிருந்து யாரும் படத்தை அப்படியே பிடித்துப் பதிவு செய்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். முதல் தலைமுறை எச்டிசிபியில் ஒவ்வொரு கருவிக்குள்ளும் 56 பிட் நீளமுள்ள 40 இரகசியச் சாவிகளும், 20 ஒன்றுகளும் 20 சுழியங்களும் கொண்ட ஓர் அடையாள எண்ணும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுகின்றன. கேபிளைச் செருகியதும் பெட்டியும் திரையும் தங்கள் எண்களைப் பரிமாறிக்கொள்கின்றன. எதிராளியின் எண்ணில் எந்த இடங்களில் ஒன்று இருக்கிறதோ அந்த இடங்களுக்குரிய தன் சாவிகளை ஒவ்வொன்றும் கூட்டிப் பார்க்கிறது. இரு பக்கத்துக் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருந்தால்தான் படம் பூட்டப்பட்டு அனுப்பப்பட்டு, திரையில் திறக்கப்படும். அத்துடன் முடிவதில்லை. 128 பிரேம்களுக்கு (ஓடும் படத்தின் தனித்தனிச் சட்டங்களுக்கு) ஒருமுறை, அதாவது நொடிக்கு 60 பிரேம் ஓடும் திரையில் ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒருமுறை, ஒப்பந்தம் இன்னும் நிற்கிறதா என்று பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் இந்தப் பேச்சு நடப்பது, திரை தன் பெயரையும் அளவையும் கணினிக்குச் சொல்லும் அதே மெல்லிய கம்பிகள் வழியாகத்தான். ஆகவே மட்டமான நீளக் கேபிளில் படம் வந்து வந்து கறுப்பதும், திரை முழுவதும் பனி கொட்டுவதுபோல் புள்ளிகள் தெறிப்பதும் நேர்கின்றன. பேனல் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்த திரைகளில் சில, ஒன்றரை மீட்டர் நல்ல கேபிள் போட்டதும் சரியாகிவிட்டன. உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

திரையின் கண்ணாடியோ, விளக்கோ, நிறமோ இதில் சம்பந்தப்படுவதே இல்லை என்பதை நன்றாக மனத்தில் வையுங்கள். எச்டிசிபி உள்ள திரையில் படம் கூடுதல் தெளிவாக வராது. இல்லாத திரையில் மங்கலாகவும் வராது. விஜிஏ அனலாக் இணைப்பு என்பதால் அதில் இந்தப் பூட்டுக்கு இடமே கிடையாது. டிவிஐ 1999இல் வந்தது. அதில் பூட்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், துளையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. 2005, 2006 வாக்கில் டிவிஐ இருக்கிறதே, இனி எந்தக் காலத்துக்கும் போதும் என்று நம்பி விலை உயர்ந்த திரை வாங்கியவர்கள் பலர் ஏமாந்தது இதனால்தான். 2006இல் ப்ளூ-ரே பட வட்டு வந்தது, 2007 தொடக்கத்தில் விண்டோஸ் விஸ்டா வந்தது. இரண்டும் பூட்டுள்ள பாதையைக் கேட்டன. டிவிஐ இணைப்புடன் வந்த ஆப்பிளின் பெரிய சினிமா டிஸ்ப்ளே திரைகளில்கூட எச்டிசிபி கிடையாது. 2008இன் இறுதியில் வந்த ஆப்பிளின் மேக்புக் மடிக்கணினியில், அதன் ஐடியூன்ஸ் இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிய சில படங்கள் எச்டிசிபி இல்லாத வெளித்திரையில் ஓட மறுத்தபோது, அவற்றை முறைப்படி வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். படத்தின் உரிமையாளர் விரும்பினால், 1920க்கு 1080 அளவுள்ள ப்ளூ-ரே படத்தை அனலாக் வழியில் 960க்கு 540 ஆகக் குறைத்து அனுப்பவும் அந்த வட்டின் விதிகளில் இடம் வைத்திருந்தார்கள்.

அதே கதை 4கே வந்தபோது மறுபடியும் நடந்தது. தொடக்கக் காலத்து 4கே மானிட்டர்கள் பலவற்றில் இருந்தது எச்டிசிபியின் பழைய 1.4 பதிப்புதான், 4கே படங்களைத் தரும் நிறுவனங்களோ 2.2 பதிப்பைக் கேட்டன. இரண்டும் வேறு வேறு கணிதம், பெரும்பாலும் வேறு வேறு சில்லு. மென்பொருள் புதுப்பித்தலில் ஒன்று மற்றொன்றாக மாறிவிடாது. பெட்டியின் மேல் எச்டிஎம்ஐ 2.0 என்று அச்சிட்டிருப்பதை எச்டிசிபி 2.2 என்று புரிந்துகொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 4கே படம் பார்ப்பதற்காகவே திரை வாங்குகிறீர்கள் என்றால், விளக்கக் குறிப்பில் எச்டிசிபி 2.2 அல்லது 2.3 என்று எழுத்தில் இருக்கிறதா, எந்தத் துளைக்கு என்றும் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவே ஒலிப் பட்டையோ, ஒரே படத்தைப் பல திரைகளுக்குப் பிரித்துத் தரும் பிரிப்பானோ இருந்தால் அதற்கும் இதே தகுதி வேண்டும். ஒரே கணினியில் இரண்டு திரை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கணினியில் 4கே பார்க்க, இணைத்திருக்கும் எல்லாத் திரைகளும் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் கேட்கிறது. ஓரமாக மின்னஞ்சலுக்கு வைத்த பழைய திரை, நடுவில் உள்ள புதிய திரையின் தரத்தையும் இறக்கிவிடும்.

திருட்டு இதனால் நின்றதா என்று பார்த்தால், எனக்கு மனம் கசக்கிறது. ஏறக்குறைய 40 கருவிகளின் சாவிகள் கிடைத்தால் முழு அமைப்பையும் திறந்துவிடலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் 2001ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டினார்கள். 2010 செப்டம்பரில் முதல் தலைமுறையின் மூலச் சாவியே, அதாவது கருவிகளின் சாவிகளையெல்லாம் உருவாக்கும் சாவியே, இணையத்தில் வெளிவந்தது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. பூட்டின் சாவி ஊருக்கே தெரிந்த பிறகும், மாதச் சந்தா கட்டும் தோப்பு வீட்டுப் பாட்டியின் திரையில் மட்டும் அது இன்றும் கறாராக வேலை செய்கிறது. படைப்பாளிக்குக் கூலி போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் கூலியைக் கொடுத்துவிட்டவரின் கையில் உள்ள பொருள் எதைச் செய்யாது என்பதைப் பெட்டியின் மேல் அச்சிடாமல் விற்பதுதான் தவறு என்கிறேன்.

பூட்டை நீக்கித் தரும் சிறு பிரிப்பான் கருவிகளைப் பற்றி என்னிடம் பலர் கேட்கிறார்கள். நான் அவற்றை விற்பதில்லை. நமது பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய தடுப்பை உடைப்பதை இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றமாக வைத்திருக்கிறது. வீட்டில் பார்க்க மட்டும்தானே என்று சொல்லி விற்றுவிட்டு, வாங்கியவர் என்ன செய்வார் என்று நான் காவல் இருக்க முடியாது.

இனி வாங்கும் முறைக்கு வருகிறேன். கடையில் மடிக்கணினியைச் செருகி முகப்புத் திரையைக் காட்டுவது சோதனை ஆகாது, ஏனென்றால் அப்போது பூட்டு வேலையே செய்வதில்லை. வீட்டில் எந்தக் கருவியைச் செருகப்போகிறீர்களோ அதையே கொண்டுபோங்கள். ஓடிடி ஸ்டிக் சட்டைப் பைக்குள் அடங்கும். கடைக்காரரின் கைபேசி இணையத்தில் இணைத்து, நீங்கள் காசு கட்டும் செயலியில் ஒரு படத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மீண்டும் இயக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கேபிள் பெட்டியைக் கொண்டுபோனால் கடையில் இணைப்பு இருக்காது, ஆகவே ‘வீட்டில் அலைவரிசை வராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்’ என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். என்விடியா நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி என்றால், அதன் கண்ட்ரோல் பேனலில் எச்டிசிபி நிலையைக் காட்டும் பக்கமே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 அல்லது 5 விளையாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் எச்டிசிபியை அணைத்துவிட்டுப் பழைய திரையில் விளையாடலாம். ஆனால் அப்போது படம் பார்க்கும் செயலிகள் ஓடாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் மலிவான மாற்றியை நம்பி வாங்காதீர்கள். பூட்டுள்ள படம் பெரும்பாலும் அதன் வாசலிலேயே நின்றுவிடும்.

ரசீதை நான் வற்புறுத்துவதற்கு எல்லையில் வாழும் நமக்கென்று தனிக் காரணம் ஒன்று உண்டு. பொருளைத் தமிழ்நாட்டில் வாங்கினோம், இனி வழக்கென்றால் கோவைக்கு அலைய வேண்டும் என்று எண்ணிப் பலர் நட்டத்தை விழுங்கிக்கொள்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கோவையில் வாங்கிய மானிட்டருக்குப் பாலக்காட்டில் மனு கொடுக்கலாம். பொருளின் தரத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

உங்களுக்கு விற்கும் கடைக்காரர் ‘எச்டிசிபி கிடையாது’ என்று கேட்காமலேயே சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்பவர்கள் குறைவு, அவரிடம் வேறு பொருளையும் நம்பி வாங்கலாம். கணினிக்கு மட்டும் என்றால் இந்தத் திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளும் பார்க்க வேண்டும் என்றால், அதே கடையில் எச்டிஎம்ஐ துளை உள்ள திரை எது என்று கேட்டு, அதையும் மேலே சொன்னபடி ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். டிவிஐ வழியாகச் செருகினால் ஒலிக்கும் தனி வழி தேட வேண்டியிருக்கும் என்பதால் அந்தக் கூடுதல் பணம் வீணாகாது. நான் சொன்ன பெரியவரும் அப்படித்தான் செய்தார். எச்டிஎம்ஐ உள்ள வேறொரு திரை தாயாரின் அறைக்குப் போயிற்று. முதலில் வாங்கிய 19 அங்குலத் திரையில் அவருடைய பேத்தி பிளஸ் டூ கணினிப் பாடத்தின் நிரல்களை எழுதிப் பழகினாள். அது இன்றும் பழுதின்றி ஓடுகிறது.