நேரலையில் மூண்ட பகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர். ஒரு யூடியூப் சேனலில் ஞாயிறுதோறும் நடக்கும் அரசியல் விவாத நேரலையில் ஓராண்டுக்கும் மேலாகப் பங்கேற்கிறேன். என்னோடு அமரும் மூவரும் வாரந்தோறும் வருபவர்களே. அவர்களில் ஒருவர், நான் பேசத் தொடங்கினாலே இடைமறித்துச் சிரிக்கிறார். சென்ற வாரம், "எந்தக் கட்சி உங்களுக்குப் பணம் கொடுக்கிறது?" என்று நேரலையிலேயே கேட்டுவிட்டார். அந்தத் துண்டு ஷார்ட்ஸாகப் பரவி, என் பழைய மாணவர்கள் வரை போயிருக்கிறது. வரும் ஞாயிறன்று பதிலடி கொடுப்பதா, விலகிவிடுவதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: ஐயா, இந்த வாரம் இரண்டையுமே செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். தனியே பேசும்போது "அன்று வாய் தவறிவிட்டது" என்று சொல்லிவிடுவது யாருக்கும் எளிது. அதையே பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தம் ஆதரவாளர்கள் லைவ் சாட்டில் வரிந்து கட்டிக்கொண்டு நிற்கும்போது சொல்ல வேண்டுமென்றால், நல்ல மனிதர்கூட முறுக்கிக்கொள்வார்.

ஒருமுறை மட்டும் வந்து போகும் விருந்தினர்களுக்குள் சண்டை வந்தால் அது அன்றோடு முடிந்துவிடும். ஒரே நால்வர் வாரந்தோறும் அமரும்போது, சென்ற வாரத்துச் சொல்லுக்கான பதில் இந்த வாரத்துத் தலைப்புக்குள் நுழைந்துகொள்கிறது. நிதிநிலை அறிக்கையைப் பற்றிப் பேச வந்தவர்கள் சிறிது நேரத்தில் ஒருவரைப் பற்றி மற்றவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு யூடியூப் பிறப்பதற்கு நெடுங்காலம் முந்திய ஒரு சான்று உண்டு. 1968-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, பார்வையாளர் எண்ணிக்கையில் என்பிசி, சிபிஎஸ் ஆகிய இரண்டுக்கும் பின்தங்கியிருந்தது. இரு பெரிய கட்சிகளின் மாநாடுகளை ஒட்டி, பழைமைவாத இதழாசிரியர் வில்லியம் பக்லியையும் தாராளவாத எழுத்தாளர் கோர் விடாலையும் அது பல இரவுகள் எதிரெதிரே அமர்த்தியது. இருவருக்கும் ஏற்கெனவே ஒருவரையொருவர் ஆகாது. ஆகஸ்ட் 28 அன்று, சிகாகோ தெருக்களில் வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களைக் காவல்துறை அடித்துக்கொண்டிருந்த இரவில், விடால் பக்லியை மறைமுக நாஜி என்றார். பக்லி விடாலின் பாலியல் சார்பைச் சொல்லி இழிவாகப் பேசி, முகத்தில் குத்துவேன் என்று மிரட்டினார். அடுத்த ஆண்டு இருவரும் எஸ்குவயர் இதழில் ஒருவரைத் தாக்கி மற்றவர் கட்டுரை எழுதினார்கள். வழக்குகள் 1972 வரை இழுத்தன. 2008-இல் பக்லி இறந்தபோது விடால் எழுதியதிலும் பகை தணியவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு அவர்கள் தனியே அமர்ந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் சிரிப்பையும் பணக் குற்றச்சாட்டையும் தனித்தனியே பாருங்கள். சிரிப்பு மரியாதைக் குறைவு. தொலைபேசியில் வருத்தத்தைச் சொன்னால் போதும். பணம் பற்றிய சொல் உங்கள் நேர்மையைத் தொடுகிறது. அதை அப்படியே விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரலை முடிந்த பின்னும் பதிவின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி நீக்கச் சேனல் நடத்துபவரால் முடியும். அதை நீக்கும்படியும், அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று நெறியாளரே சொல்லும்படியும் எழுத்தில் கேளுங்கள். நெறியாளர் சொன்னால் அது திருத்தம். நீங்கள் சொன்னால் சண்டையின் அடுத்த சுற்று. நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது என்றாலும், மேற்சொன்னவை எல்லாம் பயனற்றுப் போன பிறகே வழக்கறிஞரைப் பாருங்கள். எழுத்துக் கோரிக்கையைச் சேனல் மறுத்தால் விலகுங்கள். அப்போது விலகுவதில் எந்தக் குறைவும் இல்லை.

கேள்வி: நான் ஒரு விவாதச் சேனலின் நெறியாளர். இரண்டு விருந்தினர்கள் மோதிக்கொள்ளும் வாரங்களில்தான் எங்களுக்குப் பார்வையாளர்கள் கூடுகிறார்கள். பிரித்து அமர்த்தினால் கூட்டம் குறைகிறது. தொடர்ந்து சேர்த்தே அழைக்கலாம் என்கிறார் என் பங்குதாரர்.
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, சேர்த்து அழைப்பதில் தவறில்லை, மோதலை நம்பி அழைப்பதுதான் தவறு. அமெரிக்க யூடியூபர்களான ஈத்தன் கிளைனும் திரிஷா பேட்டஸும் 2020 செப்டம்பரில் 'ஃப்ரெனமீஸ்' (நண்பர்களாகப் பழகும் எதிரிகள்) என்ற பெயரிலேயே ஒரு யூடியூப் நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். இருவரின் பழைய உரசலும் அதன் ஈர்ப்பில் ஒரு பங்கு. 2021 ஜூனில் 39ஆவது பகுதியோடு அது நின்றது. வருவாய்ப் பங்கு, பணியாளர்களைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்கு உரிமை என்பன போன்ற, அறைக்குள் பேசி முடித்திருக்க வேண்டிய பிரச்சினைகள் கேமரா முன்னேயே வெடித்தன. உங்கள் விருந்தினர்களுக்குச் சம்பளம், பேசும் நேரம், தம்ப்நெயிலில் யார் முகம் பெரிதாக வரும் என்பதில் எல்லாம் மனக்குறை இருக்கலாம். கொள்கைச் சண்டை என்று வெளியே தெரிவதில் பாதி இவற்றிலிருந்து பிறப்பது என்பது என் கருத்து. மாதம் ஒருமுறை கேமராவை அணைத்துவிட்டு அவர்களோடு அமருங்கள்.

நிகழ்ச்சியின்போது மைக்கை நிறுத்தும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது என்பதை முன்கூட்டியே இருவரிடமும் சொல்லிவிட்டு, தேவைப்படும்போது இருவருக்கும் ஒரேபோல அதைப் பயன்படுத்துங்கள். ஒருவரை மற்றவர்மீது ஏவிவிடும் சூப்பர் சாட்டை, பணம் கட்டி அனுப்பியது என்பதற்காக வாசிக்காதீர்கள். சாதியைச் சுட்டியும் பெண் விருந்தினரின் தோற்றத்தைச் சுட்டியும் வரும் பதிவுகளை உடனே மறைக்க ஒருவரைத் தனியே அமர்த்துங்கள். தமிழ் நேரலைகளில் இது மிகவும் தேவையாக இருப்பது எனக்கு வேதனை தருகிறது. 2022 செப்டம்பரில் வெறுப்புப் பேச்சு வழக்குகளை விசாரித்தபோது, தொலைக்காட்சி விவாதங்களில் நெறியாளரின் பங்கு மிக முக்கியமானது என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. யூடியூபில் நெறியாளரே பெரும்பாலும் உரிமையாளராகவும் இருப்பதால் பொறுப்பு இன்னும் கூடுதல்.

கேள்வி: எனக்குப் பிடித்த விருந்தினரை யாராவது தாக்கினால் லைவ் சாட்டில் கடுமையாக எழுதுவேன். இது அவருக்கு உதவுமா?
– வாசகர், வேலூர்

பதில்: உதவாது, தம்பி. விருந்தினர்களில் பலர் பேசிக்கொண்டே சாட்டையும் படிக்கிறார்கள். உங்கள் வசை எதிரில் இருப்பவரைச் சூடாக்கும். அந்தச் சூடு உங்களுக்குப் பிடித்தவர்மீதுதான் திரும்பும். எதிரில் இருப்பவர் ஒரு புள்ளிவிவரம் சொன்னால் அது எந்த அறிக்கையில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அதே கேள்வியை உங்களுக்குப் பிடித்தவரிடமும் கேளுங்கள்.