29 மான், 6,000 மான், 42 மான்: ஒரு தீவைப் பற்றிய கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: சார், உயிரினங்கள் பெருகுவதற்கு ஜே வடிவம், எஸ் வடிவம் என்று இரண்டு வளைகோடு படித்தோம். நிஜத்தில் அப்படி நடக்குமா?

பதில்: நடக்கும்மா. தடையில்லாமல் மளமளவென்று ஏறிச் சட்டென்று சரிவது ஜே வடிவம்; ஏறி, ஓர் அளவில் நிதானப்படுவது எஸ் வடிவம். ஜே வடிவத்துக்கு நான் எப்போதும் சொல்வது செயின்ட் மேத்யூ தீவின் கதை. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் தனித்துக் கிடக்கும் தீவு அது. 1944இல், போர்க்காலத்தில், அங்கே பணியில் இருந்த அமெரிக்கக் கடலோரக் காவல் படையினருக்கு அவசரத்துக்கு உணவாகட்டும் என்று 29 பனிமான்களை, அதாவது ரெயின்டீர்களை, இறக்கினார்கள். ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. ஓநாய் கிடையாது. தரையெங்கும் மெத்தை விரித்ததுபோல லைக்கன், அதாவது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரி. 1957இல் டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் போய்ப் பார்த்தபோது 1,350. 1963இல் 6,000! கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆண்டுக்குச் சராசரியாக முப்பது சதவீதத்துக்கும் மேல்.

ஆடு வளர்ப்பவர்: 6,000 வரை பெருகியது என்றால் தீவு தாங்கியது என்றுதானே அர்த்தம்? அப்புறம் ஏன் சரிந்தது?

பதில்: மேய்ச்சல் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. லைக்கன் புல்லைப் போல ஒரு மழைக்குத் துளிர்க்காது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். மேய்ந்து தீர்த்த இடம் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். பனிக்காலத்தில் அந்த மான்களுக்கு அதுதான் சோறு. ஆக, 6,000 மான்களும் விதைநெல்லைத் தின்றுகொண்டிருந்தன.

பாடப்புத்தகத்தில் தாங்குதிறன் என்று, அதாவது ஓர் இடம் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்று, ஒரு நேர்கோடு போட்டிருக்கும். அது அசையாத கோடு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மான்கள் பெருகப் பெருக அந்தக் கோடு கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. அறிகுறியும் தெரிந்தது: 1963இல் கிளைன் பார்த்த மான்கள் முன்பைவிட மெலிந்திருந்தன, குட்டிகளின் விகிதமும் குறைந்திருந்தது. தலைகளை மட்டும் எண்ணியவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே பட்டிருக்கும். 1966இல் கிளைன் திரும்பிப் போனபோது தீவெங்கும் எலும்புக்கூடுகள். உயிரோடு இருந்தவை 42. அதில் 41 பெண். இருந்த ஒரே ஆணுக்கும் கொம்பு சரியாக வளரவில்லை. குட்டி ஒன்றுகூட இல்லை.

இன்னொருவர்: 1963-64 குளிர்காலம் மிகக் கடுமை என்று படித்தேன். கொன்றது பனிதானே?

பதில்: கடைசி அடி பனியுடையது. ஆனால் கொழுப்பு சேர்த்து வைத்திருந்த மான்களாக இருந்தால் ஒரு பகுதியாவது வசந்தம்வரை தாக்குப்பிடித்திருக்கும். கூட்டம் பெருகப் பெருகக் கடுமையாகும் பசி போன்றவை அடர்த்தி சார்ந்த காரணி, எத்தனை மான் இருந்தாலும் வரும் பனி போன்றவை சாராத காரணி என்று பிரித்துப் படிப்பது தேர்வுக்குச் சரி. அங்கே பசியும் பனியும் சேர்ந்தே வந்தன.

கல்லூரி மாணவர்: ஓநாய்கள் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா?

பதில்: ஓரளவுக்கு. அதற்கு வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவைப் பாருங்கள் தம்பி. அங்கே ஓநாய்களையும் மூஸ் மான்களையும் 1958 முதல் எண்ணி வருகிறார்கள். 1980இல் ஓநாய்கள் ஐம்பது. நம் ஊர் நாய்க்குட்டிகளைக் கொல்லும் அதே பார்வோ வைரஸ் அங்கே நுழைந்தது. 1982இல் மிஞ்சியவை 14. வேட்டையாட ஆளில்லாமல் மூஸ்கள் பெருகி, 1990களின் நடுவில் 2,400 அளவுக்கு வந்தன. 1996இன் கடுங்குளிரில் உணவில்லாமல் ஐந்நூறு அளவுக்கு விழுந்தன. மானின் எண்ணிக்கையை ஒரு நாய் நோய் மாற்றிவிட்டது! அதனால்தான் ‘எது கட்டுப்படுத்துகிறது?’ என்ற கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

முதலில் கேட்ட மாணவி: செயின்ட் மேத்யூவில் இப்போது மான் இருக்கிறதா சார்?

பதில்: இல்லைம்மா. 1980களில் கடைசி மானும் போய்விட்டது. நரிகளும் கடற்பறவைகளும் இருக்கின்றன. மான்கள் மடிந்து இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் லைக்கன் பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை.