மாநிலத்துக்கு ஓர் ஓட்டக்காரர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலும் இதுவரை தோன்றிய தலைசிறந்த உயர்நிலைப் பள்ளி ஓட்டக்காரர் யார் என்று அந்நாட்டுத் தடகள ரசிகர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். இந்த வாதத்துக்கு அளவுகோல் ஏதேனும் உண்டா? பின்னாளில் ஒலிம்பிக்கில் வென்றவரின் பெயரைச் சொல்லிவிட்டால் போதாதா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: போதாது என்பதே என் உறுதியான கருத்து. அங்கே உயர்நிலைப் பள்ளி என்பது பெரும்பாலும் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளைக் குறிக்கும். அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு மாணவர் என்ன செய்து காட்டினார் என்பதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதில் வாங்கிய பதக்கத்தை இதில் கொண்டுவந்து சேர்ப்பது, பள்ளியில் உண்மையாகவே அற்புதமாக ஓடி அதன்பின் காணாமற்போன பலருக்கு இழைக்கும் அநீதியாகும்.

நான் முதலில் பார்ப்பது பள்ளி இருந்த மாநிலத்தை. ஜெஸ்ஸி ஓவன்ஸ் பிறந்தது அலபாமாவில் என்றாலும், ஓடியது ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரிலுள்ள ஈஸ்ட் டெக்னிக்கல் பள்ளிக்காக. 1933இல் சிகாகோவில் நடந்த தேசியப் பள்ளிகள் போட்டியில் 100 கஜத்தை 9.4 விநாடியில் ஓடி அவர் உலகச் சாதனையைச் சமன் செய்தபோது, அந்தப் பெருமை ஒஹாயோவுக்கே சேர்ந்தது. பில்லி மில்ஸும் அப்படித்தான். தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜில் பிறந்த அவர், பள்ளிப் படிப்பை முடித்தது கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரிலிருந்த ஹாஸ்கெல் நிறுவனத்தில். அடுத்து, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வரும் கோடைக்காலப் போட்டிகளையும் பள்ளிக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறேன். அங்குள்ள பள்ளிச் சாதனைப் பட்டியல்களும் அப்படித்தான் தொகுக்கப்படுகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, தம் காலத்து மாணவர்களையும் தமக்கு முந்தைய சாதனையையும் ஒரு மாணவர் எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளினார் என்று பார்க்கிறேன்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கான்சஸ் மாநிலத்தில் வாதத்துக்கே இடமில்லை. 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் 10,000 மீட்டர் தங்கத்தை வென்று உலகையே வியக்க வைத்த மில்ஸைக் கூட, விசிட்டா ஈஸ்ட் பள்ளியின் ஜிம் ரயனுக்குப் பின்னால்தான் நிறுத்த வேண்டும். அதே 1964 ஜூன் 5 அன்று, கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில், பள்ளியில் இன்னும் ஓராண்டு மீதமிருந்த ரயன் ஒரு மைலை 3 நிமிடம் 59.0 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர் அவர்தான். அந்தப் பந்தயத்தில் அவருக்குக் கிடைத்த இடமோ எட்டாவது! தமக்கு முன்னால் ஓடிய ஏழு வளர்ந்த வீரர்கள் இழுத்துச் சென்றதால்தான் அது முடிந்தது என்று சொன்னவர்களுக்கு, மறு ஆண்டு மே மாதம் கான்சஸ் மாநிலப் பள்ளிகள் போட்டியில் விடை கிடைத்தது. உடன் ஓடியவர்கள் அனைவரும் பள்ளி மாணவர்கள். வேகம் காட்டவோ விரட்டவோ யாரும் இல்லை. அந்தத் தனிமையில் 3 நிமிடம் 58.3 விநாடி. பள்ளி மாணவர்கள் மட்டுமே ஓடும் பந்தயத்தில் நான்கு நிமிடக் கோட்டை இன்னொருவர் தாண்ட 46 ஆண்டுகள் ஆயின. அதே கோடையில் சான் டியேகோவில், ஒலிம்பிக் வீரர் பீட்டர் ஸ்னெல்லையே முந்தி 3 நிமிடம் 55.3 விநாடியில் ரயன் வென்றார். அந்த நேரம் 2001ஆம் ஆண்டு வரை, 36 ஆண்டுகள், பள்ளிச் சாதனையாக நின்றது. இளநிலைப் பள்ளியில் எந்த விளையாட்டு அணியிலும் இடம் கிடைக்காத ஒரு சிறுவன் இதைச் செய்தான் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கேள்வி: ஒரேகான் மாநிலம் என்றாலே ஸ்டீவ் பிரிஃபான்டெய்ன்தானே? அதில் ஏன் விவாதம்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கேலன் ரப் என்ற ஒருவர் இருப்பதால்தான். கூஸ் பே என்னும் துறைமுக ஊரின் மார்ஷ்ஃபீல்ட் பள்ளியில் படித்த பிரிஃபான்டெய்ன், 1969இல் இரண்டு மைலை 8 நிமிடம் 41.5 விநாடியில் ஓடினார். அதற்கு முன் திறந்தவெளித் தடத்தில் பள்ளிச் சாதனை 8 நிமிடம் 48.3 விநாடி, ஆக, ஒரே ஓட்டத்தில் ஏறக்குறைய ஏழு விநாடிகளை அவர் அரிந்து தள்ளினார். போர்ட்லண்டின் சென்ட்ரல் கத்தோலிக் பள்ளியைச் சேர்ந்த ரப், 2004 கோடையில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 37.91 விநாடியில் முடித்து, 40 ஆண்டுகளாக யாரும் நெருங்காத பள்ளிச் சாதனையை உடைத்தார். இருவரில் நான் பிரிஃபான்டெய்னையே தேர்வு செய்கிறேன், மிகக் குறைந்த வித்தியாசத்தில். ஆனால் அவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்ததையும், 24 வயதில் கார் விபத்தில் இறந்ததையும் இந்தத் தீர்ப்பில் சேர்க்கக் கூடாது. அவர் மீது ரசிகர்கள் வைத்திருக்கும் அன்பில் பெரும் பகுதி அந்தப் பிற்கால வாழ்க்கையிலிருந்து வருவதால், பள்ளிக் காலத்தைத் தனியே பிரித்து எடைபோடுவது கடினமாகிவிடுகிறது.

ரப் உடைத்தது யாருடைய சாதனை என்பதைக் கவனித்தால், ஒரேகானுக்கு வடக்கேயுள்ள வாஷிங்டன் மாநிலத்துக்கும் பதில் கிடைத்துவிடும். ஸ்போகேன் நகரின் ராஜர்ஸ் பள்ளி மாணவர் ஜெர்ரி லிண்ட்கிரன் 1964இல் ஓடிய 13 நிமிடம் 44.0 விநாடிதான் அது. சிறிய, மெலிந்த உடல்வாகு கொண்ட அந்த இளைஞர், பள்ளியை முடித்த அதே கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த அமெரிக்க–சோவியத் போட்டியின் 10,000 மீட்டர் ஓட்டத்தில், சோவியத் வீரர்கள் இருவரையும் வெகுதூரம் பின்னால் விட்டு வென்றார். பனிப்போர்க் காலம், முதிர்ந்த வீரர்களுக்கே எட்டாதிருந்த வெற்றி அது. மில்ஸ் தங்கம் வென்ற டோக்கியோ பந்தயத்தில் அவரும் ஓடினார். கணுக்கால் சுளுக்கோடு ஓடி ஒன்பதாவதாக வந்தார். எந்த மாநிலம் என்று பாராமல், நீண்டதூர ஓட்டத்தில் ஒரே ஒரு பள்ளி மாணவரைச் சொல் என்று என்னைக் கேட்டால் லிண்ட்கிரன் பெயரைத்தான் சொல்வேன்.

கேள்வி: மைதான ஓட்டத்தில் நேரத்தை ஒப்பிடலாம். புல்வெளியிலும் மேட்டிலும் ஓடும் கிராஸ்கன்ட்ரி ஓட்டத்தில் வெவ்வேறு காலத்தவரை எப்படி ஒப்பிட முடியும்?
(வாசகி, திருச்சி)

பதில்: பொதுவாக முடியாது. பாதைக்குப் பாதை ஏற்றமும் மண்ணும் மாறும். மழை பெய்தால் அதே பாதையே வேறாகிவிடும். இதற்கு ஓர் அருமையான விதிவிலக்கு இல்லினாய் மாநிலம். பியோரியா நகரின் டெட்வைலர் பூங்காவில், நவம்பர் மாதத் தொடக்கத்தில், பல தலைமுறைகளாக அதே மூன்று மைல் பாதையில் மாநிலப் போட்டி நடந்துவருகிறது. பாதை பெரும்பாலும் சமதளம். அகன்ற புல்வெளியில் நீண்ட கோடாக நிற்கும் மாணவர்கள் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஒரே அலையாகக் கிளம்ப, பெற்றோரும் பழைய மாணவர்களும் அடுத்த திருப்பத்தில் அவர்களைப் பார்க்கக் குறுக்கே ஓடுவார்கள். லெபனான் என்னும் சிற்றூரின் கிரெய்க் வர்ஜின் 1972இல் அந்தப் பாதையை 13 நிமிடம் 50.6 விநாடியில் ஓடினார். அதன்பின் 47 ஆண்டுகள், 2019 வரை, மாநிலப் போட்டிக்கு வந்த எவராலும் அதைத் தாண்ட முடியவில்லை. காலணி, பயிற்சி முறை, உணவு எல்லாம் மாறிய பிறகும் அந்த எண் அசையாமல் நின்றது. 1973இல் பிரிஃபான்டெய்னின் இரண்டு மைல் சாதனையையும் 8 நிமிடம் 40.9 விநாடியில் ஓடி உடைத்தவர் இவரே.

அவருக்கு எதிராக நிற்பவர் லித்துவேனியாவில் பிறந்து, ஆர்லண்ட் பார்க் ஊரின் சாண்ட்பர்க் பள்ளியில் படித்த லூகஸ் வெர்ஸ்பிகாஸ். 2010 இலையுதிர் காலத்தில் ஃபுட் லாக்கர், நைக் என்ற இரண்டு தேசிய கிராஸ்கன்ட்ரி போட்டிகளையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் மாணவர் அவர். 2011 ஜூன் மாதத்தில், ஒரு வார இடைவெளிக்குள், இரண்டு மைலை 8 நிமிடம் 29.46 விநாடியிலும், பள்ளி மாணவர்கள் மட்டுமே ஓடிய பந்தயத்தில் ஒரு மைலை 3 நிமிடம் 59.71 விநாடியிலும் முடித்தார். ரயனுக்குப் பிறகு 46 ஆண்டுகள் என்று மேலே சொன்னேனே, அந்த இடைவெளியை முடித்தவர் இவர்தான். இரண்டு மைலில் முந்தைய சாதனையை அவர் ஏறத்தாழ ஐந்து விநாடிகள் குறைத்தார். வர்ஜின் தம் காலத்தில் குறைத்தது அரை விநாடிக்குச் சற்று அதிகம்.

வர்ஜின் 1980, 1981 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக கிராஸ்கன்ட்ரி சாம்பியன் ஆனவர். வெர்ஸ்பிகாஸோ கல்லூரி ஓட்டத்தை விரைவிலேயே விட்டு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்குப் போய், 2012இல் சைக்கிள் விபத்தில் படுகாயமடைந்தார். மனம் வர்ஜின் பக்கம் சாய்கிறது என்றாலும், பள்ளிக் காலத்தை மட்டும் பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், இல்லினாய்க்கு நான் வெர்ஸ்பிகாஸ் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. டெட்வைலர் பூங்காவின் புல்லைச் சாட்சிக்கு அழைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

கேள்வி: இந்தப் பட்டியல்களில் பெண்கள் மிகக் குறைவாக இருப்பது ஏன்?
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: பெரும்பாலான பள்ளிகளில் பெண்களுக்கு அணியே இல்லாத காலம் ஒன்று இருந்தது, அந்தக் காலத்தையும் சேர்த்துப் பட்டியல் போடுவதால்தான் இப்படி ஆகிறது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1972இல்தான் அமெரிக்காவில் வந்தது. லிண்ட்கிரனின் வாஷிங்டன் மாநிலத்திலேயே வளர்ந்த டோரிஸ் பிரவுன், பெண் என்பதால் தம் பள்ளியின் ஓடுதடத்தில் ஓட அனுமதிக்கப்படவில்லை. அவரே 1967 முதல் 1971 வரை தொடர்ந்து ஐந்து முறை சர்வதேச கிராஸ்கன்ட்ரி பட்டத்தை வென்றார். பள்ளிக் காலத்தை மட்டும் பார்க்கும் என் அளவுகோல் இவருக்கு முன் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓடவே விடாதவர்கள் வைத்திருந்த ஏட்டில் அவருக்கு நேரம் எப்படிப் பதிவாகியிருக்கும்? மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் ஜென்னிங்ஸ் 1970களில் பள்ளியில் பெண்கள் அணி இல்லாததால் ஆண்கள் அணியிலேயே சேர்ந்து ஓடினார். பிற்காலத்தில் மூன்று முறை உலக கிராஸ்கன்ட்ரி சாம்பியன் ஆனவர் அவர்.

டென்னசி மாநிலத்தில் மட்டும் எந்தத் தயக்கமும் எனக்கு இல்லை. கிளார்க்ஸ்வில் ஊரின் கறுப்பின மாணவர் பள்ளியான பர்ட் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 16 வயதில், வில்மா ருடால்ஃப் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் காலில் இரும்புப் பட்டை அணிந்து நடந்தவர் அவர். 1960 ரோம் ஒலிம்பிக்கின் மூன்று தங்கங்களை எண்ணாமலேயே டென்னசியின் இடம் அவருக்கு உரியது.

அலாஸ்காவுக்கு அல்லி ஆஸ்ட்ராண்டர். 2014இல் சீவர்ட் ஊரின் மவுண்ட் மாரத்தான் மலையோட்டத்தில், இளையோர் பிரிவில், சிறுவர்கள் அனைவரையும் முந்தி முதலாவதாக வந்தார். அதே ஆண்டு நைக் தேசிய கிராஸ்கன்ட்ரி பட்டமும் அவருக்கே.

கேள்வி: குறுவிரைவு ஓட்டக்காரரையும் மைல் ஓட்டக்காரரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா? வர்ஜீனியாவுக்கு நோவா லைல்ஸா, ஆலன் வெப்பா?
(வாசகர், சேலம்)

பதில்: முழு நியாயம் இல்லை, இருந்தாலும் மாநிலத்துக்கு ஒருவர்தான் என்று விதி வைத்த பிறகு தவிர்க்க முடியாது. அலெக்சாண்ட்ரியா நகரப் பள்ளி மாணவராக லைல்ஸ் 2016இல் 200 மீட்டரை 20.09 விநாடியில் ஓடி, டெக்சாஸின் ராய் மார்ட்டின் 1985இல் வைத்த 20.13 விநாடிச் சாதனையை உடைத்தார். ரெஸ்டன் ஊரின் வெப், 2001 மே மாதம் யூஜின் நகரில் உலகின் முன்னணி வீரர்களோடு ஓடி ஐந்தாவதாக வந்து, 3 நிமிடம் 53.43 விநாடியில் ரயனின் மைல் சாதனையை முறியடித்தார். இருவரும் உடைத்தவை 30 ஆண்டுகளைத் தாண்டிய சாதனைகள். ஆனால் வெப் குறைத்தது ஏறத்தாழ இரண்டு விநாடி. அதுவும் பள்ளி மாணவர்கள் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடுவதே 34 ஆண்டுகளாக நின்றுபோயிருந்த காலத்தில். வர்ஜீனியாவுக்கு வெப்.

டெக்சாஸ் பற்றி இப்போது புதிதாக எழுத வேண்டியுள்ளது. கூப்பர் லுட்கன்ஹாஸ் என்ற 16 வயது மாணவர் 2025 ஆகஸ்டில் தேசிய சாம்பியன்ஷிப் போட்டியில் 800 மீட்டரை 1 நிமிடம் 42.27 விநாடியில் ஓடி இரண்டாவதாக வந்தார். அந்த ஆண்டுக்கு முன்வரை பள்ளிச் சாதனை, 1996இல் கலிபோர்னியாவின் மைக்கேல் கிரான்வில் ஓடிய 1 நிமிடம் 46.45 விநாடி. 800 மீட்டரில் நான்கு விநாடி வித்தியாசம் என்பது தடத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் இடைவெளி. மார்ட்டினை நான் மிகவும் மதிக்கிறேன். எனினும் டெக்சாஸ் இனி இந்தச் சிறுவனுடையது.

கேள்வி: எங்கள் மகள் இங்குள்ள பள்ளியில் 1,600 மீட்டர் ஓடுகிறாள். அதை மைல் நேரத்தோடு அப்படியே ஒப்பிடலாமா? எங்கள் மாநிலத்துக்கு நீங்கள் யாரைத் தேர்வு செய்வீர்கள்?
(வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: அப்படியே ஒப்பிடக் கூடாது, அம்மா. மைல் என்பது 1,609.34 மீட்டர். பல மாநிலங்களின் பள்ளிப் போட்டிகள் நான்கு சுற்றோடு, அதாவது 1,600 மீட்டரோடு நின்றுவிடுகின்றன. நான்கு நிமிட வேகத்தில் ஓடுபவருக்கு அந்த ஒன்பதேகால் மீட்டர் ஏறத்தாழ ஒன்றரை விநாடி. உங்கள் மகளுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகும். கலிபோர்னியாவின் ஜெர்மன் ஃபெர்னாண்டஸ் 2008 மாநிலப் போட்டியில் 1,600 மீட்டரை 4 நிமிடம் 0.29 விநாடியிலும், அன்றே 3,200 மீட்டரை 8 நிமிடம் 34.23 விநாடியிலும் ஓடினார். ஒரே நாளில் இரண்டையும் அந்த வேகத்தில் ஓடியது வியப்புக்குரியது. ஆனால் முதலாவது நேரத்தை முழு மைலாக மாற்றினால் 4 நிமிடம் 2 விநாடியை ஒட்டி வரும்.

நியூ ஜெர்சிக்கு, 1967இல் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய நூவர்க்கின் மார்ட்டி லிக்வோரியைப் பழைய ரசிகர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நான் ஸ்காட்ச் பிளெய்ன்ஸ் ஊரின் யூனியன் கத்தோலிக் பள்ளி மாணவி சிட்னி மெக்லாஃப்லினைத் தேர்வு செய்கிறேன். 2016 ஜூலையில், 17 வயது நிறைவதற்கு முன்பே, 400 மீட்டர் தடை ஓட்டத்தை 54.15 விநாடியில் முடித்து, 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகச் சாதனையோடு ரியோ ஒலிம்பிக் அணியில் இடம் பிடித்தார். ஒலிம்பிக் முடிந்ததும் பள்ளிக்குத் திரும்பிவந்து அவர் படிப்பைத் தொடர்ந்தார்.