கை வெதுவெதுப்பு, பிரஷர் குறைவு: கல்லீரல் நோயில் இதயம் என்ன ஆகிறது?

அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகும் நோய். இருபது வருடமாக பிரஷர் மாத்திரை போட்டவர். இப்போது 96/60தான். டாக்டர் மாத்திரையையே நிறுத்திவிட்டார். பிரஷர் குணமாகிவிட்டதா?

குணமாகவில்லை, ரத்தக்குழாய்கள் தளர்ந்துவிட்டன. அப்பாவின் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, ஓரங்கள் சிவந்து இருக்கக்கூடும். நாடி துள்ளும். இதில் பெரும்பங்கு நைட்ரிக் ஆக்சைடுக்கு. ரத்தக்குழாயின் உள்சுவரே தயாரிக்கும் வாயு அது. சில நொடிகளில் கரைந்துபோகும், அதற்குள் குழாயின் தசையை இளக்கிவிடும்.

கூத்து என்னவென்றால், சுருங்கிய ஈரலுக்குள் இந்த வாயு பற்றாக்குறை. தழும்போடு இதுவும் சேர்வதால் ரத்தம் உள்ளே நுழையத் திணறி, குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. வெளியே குடலுக்குப் போகும் குழாய்களிலோ அதே வாயு அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. குடல் கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிவது அதை இன்னும் கிளறிவிடும். ரத்தம் வயிற்றுப் பக்கம் தங்கிவிட, சிறுநீரகம் ‘ரத்தமே குறைந்துவிட்டது’ என்று தப்புக்கணக்குப் போட்டு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. வயிற்றில் நீர் கோப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதயமோ ஈடுகட்ட வேகமாக இறைக்கிறது. கிருமித் துணுக்குகள் தூண்டி இந்த வாயு மிகுவதால்தான் குழாய்கள் தளர்கின்றன என்ற விளக்கத்தை 1991இல் வேலன்ஸ், மொன்காடா என்ற ஆய்வாளர்கள் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முன்வைத்தார்கள்.

பழைய மாத்திரை மீதம் இருக்கிறதே என்று மறுபடி கொடுத்துவிடாதீர்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை வயிற்றில் நீர் கோத்தவர்களின் சிறுநீரகத்தைப் படுத்திவிடும்.

அப்படியென்றால் ப்ராப்ரனலாலும் பிரஷரைக் குறைக்கும் மாத்திரைதானே, அதை மட்டும் ஏன் கொடுக்கிறார்கள்?

உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் வெடிக்காமல் இருக்க. பிரஷரின் மேல் அளவு 90க்குக் கீழே போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். குறைப்பார் அல்லது நிறுத்துவார்.

எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் இறைக்கும் திறன் 65 சதவீதம், நார்மல் என்று எழுதியிருக்கிறது. ஈரல் மாற்று அறுவைக்கு முன் மறுபடி ஏன் ஸ்ட்ரெஸ் எக்கோ, அதாவது இதயத்தை வேகமாக வேலைவாங்கி எடுக்கும் எக்கோ? பணம் பிடுங்கவா?

இல்லை. இறக்கத்தில் சைக்கிள் மிதிப்பவரைப் பார்த்து, கால் பலமாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? குழாய்கள் தளர்ந்திருப்பதால் இதயத்துக்கு எதிர்ப்பே இல்லை; 65 காட்டத்தான் செய்யும். கிருமித்தொற்று, போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்க ஈரலுக்குள் மாற்றுப்பாதை வைக்கும் ‘டிப்ஸ்’ சிகிச்சை, மாற்று அறுவை என்று மேடு வரும்போதுதான் குட்டு உடையும்.

குழாயை இளக்கும் அதே வாயு இதயத் தசையிலும் வேலை காட்டுகிறது. அழற்சிப் பொருள்கள் தூண்டிவிட, வேறொரு நொதி அதை அங்கேயே உற்பத்தி செய்கிறது. தசைக்குள் கால்சியத்தின் போக்குவரத்து மட்டுப்படுகிறது. அட்ரினலின் விரட்டினாலும் இதயம் வழக்கம்போல் வேகமெடுப்பதில்லை. பித்தநாளத்தைக் கட்டிய எலிகளில்தான் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். பித்த உப்புகள், உடலே உருவாக்கும் கார்பன் மோனாக்சைடு எனக் கூட்டாளிகளும் உண்டு, எல்லாப் பழியையும் ஒரே வாயுவின் தலையில் போட நான் தயாரில்லை.

‘சிரோட்டிக் கார்டியோமயோபதி’ என்று இதற்குப் பெயர். ஒரு காலத்தில் குடியின் கேடு என்றே நினைத்தார்கள். குடியைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. 2005இல் கனடாவின் மாண்ட்ரியாலில் நிபுணர்கள் இதற்கு வரையறை வகுத்தார்கள், 2020இல் திருத்தினார்கள். ஈசிஜியில் கியூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்சாரரீதியாகத் தூண்டப்பட்டு மீளும் நேரம்) நீள்வதும் இவர்களிடம் சகஜம். அதை இன்னும் நீட்டக்கூடிய அஸித்ரோமைசின், டோம்பெரிடோன் எழுதும் டாக்டரிடம் ஈரல் நோயை மறக்காமல் சொல்லுங்கள்.

நைட்ரிக் ஆக்சைடு கூட்டும் ஜிம் பவுடர், பீட்ரூட் ஜூஸ் சாப்பிடலாமா?

பவுடர் வேண்டாம். உங்கள் குழாய்களில் ஏற்கெனவே வழிகிறது, ஈரலுக்குள் மட்டும் போய்ச் சேரும்படி அனுப்ப வழியில்லை. பொரியலில் பீட்ரூட் போட்டால் ஒன்றும் ஆகாது. தினம் ஒரு டம்ளர் ஜூஸ் என்றால் டாக்டரைக் கேளுங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் (வயாகரா) பற்றிப் பெயர் போடாமல் கேட்டவருக்கும் இதே எச்சரிக்கை: அந்த வாயுவின் வேலையை நீட்டிக்கும் மாத்திரை அது. கேட்காமல் போட்டால் பிரஷர் இன்னும் சரியும்.

பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பு வாயுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது நைட்ரஸ் ஆக்சைடு.

உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் சரியாகிறது. இதயமா?

இதயம் பலவீனம் என்றால் பெரும்பாலும் படுத்தால்தான் திணறும். உங்களுக்குத் தலைகீழ். நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்து, ஆக்சிஜன் ஏறாமலே ரத்தம் கடந்துபோகிறதோ என்று பார்க்கவேண்டும். அங்கேயும் இதே வாயுதான் சந்தேகத்துக்குரிய ஆள். உட்கார்ந்து ஒருமுறை, படுத்து ஒருமுறை ஆக்சிமீட்டரில் பார்த்து, இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். சிரையில் நுண்குமிழிகளை ஏற்றிப் பார்க்கும் குமிழி எக்கோ எடுக்கச் சொல்வார்கள்.

மாற்று ஈரல் வைத்தால் இதயம் தேறுமா?

பலருக்குச் சில மாதங்களில் தேறுகிறது. கியூடி இடைவெளியும் பலருக்குக் குறைகிறது. முதல் சில நாட்கள்தான் கண்டம். குழாய்கள் மீண்டும் இறுகும்போது, மேட்டுக்குப் பழகாத அந்த இதயம் திணறி நுரையீரலில் நீர் கோக்கலாம். முன்கூட்டியே ஸ்ட்ரெஸ் எக்கோ கேட்டது அதற்காகத்தான்.