லைனிங் பேப்பர் ஒட்டினா போதுமா, ப்ளாஸ்டர் பூசணுமா?

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. 1900 வாக்குல கட்டின டெரஸ் வீடு (பக்கத்து வீடுகளோட வரிசையா ஒட்டிக் கட்டினது) வாங்கியிருக்காங்க, ஹால்ல பழைய வால்பேப்பரை உரிச்சா சுவர் பூரா மயிரிழை வெடிப்பும் ஃபில்லர் அடிச்ச தழும்புமா இருக்கு, ஒருத்தர் லைனிங் பேப்பர் (பெயிண்டுக்கு அடியில சுவர்ல ஒட்டற வெறும் பேப்பர்) போதும்கிறார், இன்னொருத்தர் முழுசா ஸ்கிம் பண்ணணும், அதாவது மேல மெல்லிசா ப்ளாஸ்டர் பூசணும்கிறார், பெயிண்ட் அடிக்கத்தான் போறோம், எதைக் கேக்கறதுன்னு.

முதல்ல சுவரை விரல் முட்டியால தட்டிப் பாருங்க. கெட்டியா சத்தம் வந்தா லைனிங் பேப்பரே போதும், நிறைய காசு மிச்சம். பொள்ளு சத்தம் வந்தாலோ அமுக்கினா சுவர் அசைஞ்சாலோ உள்ள ப்ளாஸ்டர் விட்டுப்போச்சுன்னு அர்த்தம், அது மேல எவ்வளவு தடிமனான பேப்பர் ஒட்டினாலும் நிக்காது, அந்த இடத்தை மட்டுமாவது கொத்தி எடுத்துட்டு பூசித்தான் ஆகணும். ஓதமும் அப்படித்தான், தண்ணி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தி சுவர் நல்லா காயற வரைக்கும் பேப்பரைத் தொடாதீங்க, பூஞ்சை வந்துடும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். 1960களுக்கு முந்தின வீடுகள்ல அடி பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அதனால காய்ஞ்ச சுவரை உப்புத்தாள் போட்டு தேய்க்கவே கூடாது, குழந்தைங்க இருக்கிற வீடுன்னா இதுல துளி கூட அசட்டை வேணாம். டெஸ்ட் கிட் கடையில கிடைக்கும், வாங்கிப் பாத்துடுங்க.

பேப்பர்ல 800ல ஆரம்பிச்சு 2000 வரைக்கும் கிரேடு இருக்கு, நம்பர் கூடக்கூட தடிமன். நீங்க சொல்ற சுவருக்கு 1400 இல்ல 1700 வாங்குங்க. 800 மெலிசு, பசை பட்டதும் கிழியும், கீழ இருக்கிற தழும்பும் அப்படியே தெரியும். ரோல் 56 செமீ அகலம். கூரை உயரம் 2.7 மீட்டர்னா வெட்டறதுக்கும் சேர்த்து ஒரு துண்டு 2.8, அப்போ 20 மீட்டர் ரோல்ல 7 துண்டு வரும், சுற்றளவு 15 மீட்டர் இருக்கிற ஹாலுக்கு 27 துண்டு வேணும், ஆக 4 ரோல்.

சுவரை சுகர் சோப் (பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி சுவர் கழுவற பவுடர்) போட்டு கழுவி, வெடிப்பை அடைச்சு, தண்ணியா கலக்கின பசையை ஒரு கோட் அடிச்சு காயவிடுங்க, இல்லன்னா பழைய ப்ளாஸ்டர் பசையை உறிஞ்சிடும், பேப்பர் ஓரம் தூக்கும். நிறைய பேர் விட்டுடறது இதைத்தான். பெயிண்ட்தான்னா பேப்பர் மேலிருந்து கீழா போகணும், மேல டிசைன் வால்பேப்பர் வரப்போகுதுன்னாதான் குறுக்க ஒட்டணும், ரெண்டு ஜாயிண்ட்டும் ஒரே இடத்துல விழக்கூடாதுல்ல. முதல் துண்டுக்கு ரசமட்டம் வெச்சு கோடு போட்டுக்கோங்க, பழைய வீட்டு மூலையை நம்பாதீங்க. பசை தடவி மடிச்சு பாக்கெட்ல போட்டிருக்கிற நேரம் ஊறவிடுங்க, எல்லா துண்டும் ஒரே அளவு ஊறணும், ஒண்ணு கூட ஒண்ணு குறைச்சல்னா அகலம் மாறி இடைவெளி விழும். ஓரத்தோட ஓரம் முட்டணும், ஏறக்கூடாது. மயிரிழை இடைவெளி விழுந்தா ஃபைன் ஃபில்லர் போட்டு சரி பண்ணிடலாம், ஏறின இடம் பெயிண்ட் அடிச்சப்புறம் கோடா தெரியும். மூலையில முழுத் துண்டை மடக்காம 1 செமீ மட்டும் திருப்பி வெட்டிட்டு, அடுத்த துண்டை மூலையில இருந்து ஆரம்பிங்க, அந்த 1 செமீ மேல மட்டும் ஏறினா பரவாயில்ல.

ஒட்டினதும் அங்கங்க கொப்புளம் தெரியும், பதறி குத்திடாதீங்க, காயும்போது பெரும்பாலும் தானா இழுத்துக்கும். ஒரு நாளாவது முழுசா காயவிட்டு, கொஞ்சம் தண்ணி கலந்த எமல்ஷன் முதல் கோட், அப்புறம் வழக்கம் போல ரெண்டு கோட்.