பூக்கும் தாவரங்கள் எப்படிப் பெருகின என்பதை எப்படி ஆராய்கிறார்கள்? வெறும் ஊகம்தானா?

ஊகம் இல்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவரங்கள் எங்கிருந்து வந்தன, அதை இப்போது உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிக்க முடியும், இந்தத் துறைக்கு வர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தாவர வகைப்பாட்டில் ஆய்வு செய்தவன், எனக்குப் பிடித்த உதாரணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தாமரையும் அல்லியும் ஒரே குளத்தில் பக்கம் பக்கமாகப் பூக்கும், பார்த்தால் அக்கா தங்கை என்றுதான் யாரும் சொல்வார்கள். பெந்தம், ஹூக்கர் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் செய்த வகைப்பாட்டிலும் இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். அல்லி இலையில் காம்பு சேரும் இடம் வரை ஒரு வெட்டு ஓடும். தாமரை இலை முழு வட்டம், காம்பு அடியில் நடுமத்தியில் வந்து சேரும். தாமரைப் பூவின் நடுவே மேல்பக்கம் தட்டையான ஒரு கூம்பு, அதில் தனித்தனிக் குழிகளில் காய்கள்; அல்லியில் அது கிடையாது. அப்புறம் மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்தால், தாமரைத் துகளில் மூன்று பள்ளங்கள் இருக்கும், அல்லித் துகளில் வளையம்போல ஒன்றே ஒன்று சுற்றி ஓடும். இந்த மூன்று பள்ளம் சாதாரண விஷயமில்லை. வேம்பு, புளி, முருங்கை, மல்லிகை, கத்தரி என்று நம்மைச் சுற்றியுள்ள பெருங்கூட்டத்துக்கு அந்த வடிவமோ அதிலிருந்து மாறி வந்த வடிவமோதான் அடையாளம். தாமரை அந்தக் கூட்டம். அல்லி அதற்கும் வெகுகாலம் முன்பே பிரிந்து போன கிளை.

மரபணுக்களை ஒப்பிட்டபோது இது இன்னும் தெளிவானது. தாமரைக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய சொந்தக்காரர்களில் மக்கடேமியா கொட்டை மரம் ஒன்று, நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டத்து நிழலுக்காக நட்டிருக்கிறார்களே, அந்த ஆஸ்திரேலிய சில்வர் ஓக் இன்னொன்று! முதல்முறை படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை, ஆனால் எத்தனை மரபணுக்களை வைத்துப் பார்த்தாலும் அதே முடிவுதான் வருகிறது.

சரி, காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மகரந்தத்தின் வெளிச்சுவர் அமிலத்துக்கும் அசையாது, அதனால் பாறையை அமிலத்தில் கரைத்துவிட்டு மிஞ்சும் துகள்களை எடுத்துப் பார்க்கலாம். பூக்கும் தாவரங்களுடையது என்று ஓரளவு எல்லோரும் ஏற்கும் மகரந்தம் சுமார் 13.5 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளிலிருந்து கிடைக்கிறது, மூன்று பள்ளத் துகள் அதற்கு ஒரு கோடி ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டுகிறது. மரபணு மாற்றங்களை வைத்துக் கணக்குப் போட்டாலோ தொடக்கம் 20 கோடி ஆண்டு வரைகூடப் பின்னால் போகிறது. இடையில் பல கோடி ஆண்டுகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 1879-இல் டார்வின், பூக்கும் தாவரங்கள் திடீரென்று பெருகியதை ‘அருவருப்பான மர்மம்’ என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தக் கடிதம் போனது மேலே சொன்ன அதே ஹூக்கருக்குத்தான்.

எனக்குத் தூக்கம் வராமல் செய்த கேள்வி வேறு. பசிபிக்கில் நியூ கலிடோனியா தீவில் அம்போரெல்லா என்று ஒரு சிறு மரம் இருக்கிறது, சில மில்லிமீட்டரே உள்ள வெளிர்மஞ்சள் பூ. மற்ற எல்லாப் பூக்கும் தாவரங்களிலிருந்தும் முதலில் பிரிந்த கிளை அதுதான் என்று 1999-இல் வந்த ஆய்வுகள் காட்டின. அந்தப் பக்கம் ஒரே ஒரு சிற்றினம், இந்தப் பக்கம் மூன்று லட்சம், இரண்டுக்கும் வயது ஒன்றே. ஏன்? பூச்சிகளால் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள், அதில் உண்மையும் உண்டு, ஆனால் பெரும்பாலும் காற்றையே நம்பிய புல் குடும்பம் பதினோராயிரம் சிற்றினங்களுக்கும் மேல் பெருகியிருக்கிறதே. மரபணுத்தொகை, அதாவது ஒரு செல்லில் உள்ள மொத்த டிஎன்ஏ, முழுவதும் இரட்டிப்பானது ஒரு காரணம். மரபணுத்தொகை சுருங்கிச் செல்கள் சிறிதானதால் இலையில் நரம்பும் இலைத்துளையும் நெருக்கமாக அமைந்து ஒளிச்சேர்க்கை கூடியது என்பது இன்னொன்று, என்னைக் கேட்டால் இதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

2024-இல் லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்கா தலைமையில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 353 மரபணுக்கள், 9,500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். தொடக்கத்திலேயே ஒரு பெரும் வெடிப்பு, இன்றுள்ள முக்கியக் கிளைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் அப்போதே வந்துவிட்டன. பிறகு வேகம் குறைந்து, சுமார் 4 கோடி ஆண்டுக்கு முன் பூமி குளிர்ந்த காலத்தில் மறுபடி ஒரு ஏற்றம். இதில் என்னை நெகிழ வைத்தது, அந்த மாதிரிகளில் நிறைய ஹெர்பேரியம் தாள்களிலிருந்து, அதாவது காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் சேகரிப்புகளிலிருந்து வந்தவை, சில ஏறக்குறைய 200 ஆண்டுப் பழையவை. மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில் யாரோ காட்டில் பறித்து அழுத்திக் காயவைத்த இலை! டிஎன்ஏ துண்டு துண்டாகச் சிதைந்திருந்தாலும் தேவையான மரபணுக்களை மட்டும் அதிலிருந்து பிடித்து இழுக்கும் முறை இப்போது இருக்கிறது, அதற்கு விரல்நகம் அளவு இலை போதும். ஹெர்பேரியத்தைப் பழைய குப்பை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

துறைக்கு வர நினைத்தால் கணினி நிரல் எழுதுவதைப் பிறகு கற்கலாம், முதலில் செடியை அடையாளம் காணப் பழகுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, உங்கள் தெருவில் கிடைக்கும் பூக்கள், இவை போதும். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது, அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். உரிய அனுமதியோடு செடி சேகரிக்கப் போகும் நிலை வந்தால், பூவின் நிறத்தை அங்கேயே நின்று எழுதிவிடுங்கள், காய்ந்தபின் தெரியாது. இடம், உயரம், தேதி மூன்றும் கட்டாயம். கூடவே டிஎன்ஏ எடுக்க ஓர் இளம் இலையைக் கிழித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள பையில் போட்டு, செடியை ஒட்டும் தாளுக்குக் கொடுத்த அதே எண்ணை அதன்மேலும் எழுதிவிடுங்கள்.